மூழ்கும் நேரம்

ஹூடியில் ரயிலைவிட்டு இறங்கித்
தண்டவாளம் தாண்டியதுமே
காற்று வெண்ணெயில் வறுத்ததுபோல் இருக்கும் என்பார்கள்.
எனக்கு இரண்டு வருஷமாய்
மழை நாளில் மட்டும்தான் அந்த வாசனை தெரிகிறது.

வேலை என்னவென்று சொன்னால்
பெட்டியில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.
பாலில் பிஸ்கட் நனைப்பது.
ஒன்பதிலிருந்து ஐந்தரை வரை.
பி.எஃப். பிடித்தம் உண்டு.

அறுபது டிகிரியில் இருநூறு மில்லி பால்.
இடுக்கியில் கவ்விப் பாதி உடம்பு இறக்கி
ஸ்டாப்வாட்சை அமுக்குவேன்.
முதல் நொடியில்
ஓரத்தில் மணிமணியாகக் குமிழி:
உள்ளே குடியிருந்த காற்று
காலி செய்துகொண்டு போகிறது.
இரண்டில் அந்த அறைகளுக்குப்
பால் குடிவருகிறது.
மூன்றில் நிறம் கறுத்து, இடுப்பு கனத்து,
நாலில்
சத்தமே இல்லாமல் ஒரு பாதி போய்விடும்.
இடுக்கியில் மிஞ்சியது
பல்லி விட்டோடிய வால் மாதிரி இருக்கும்.
'மூழ்கும் நேரம்' என்ற கட்டத்தில் 4.1.
பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

ஆறின பாலில் ஏழு நிற்கும்,
ஐஸ் பாலில் பதினொன்று.
ஷெணாய் சாருக்குச் சூட்டிலேயே பன்னிரண்டு வேண்டும்.
விளம்பரத்தில் ஒரு பிள்ளை
பாட்டு முடியும்வரை பிஸ்கட்டைப் பாலில் பிடித்திருக்குமாம்.
பசைமாவு கூட்டினார்கள், சர்க்கரை குறைத்தார்கள்,
அடுப்பில் இன்னும் இரண்டு நிமிஷம் விட்டார்கள்.
மாதிரி பதினேழு, ஆறு நொடி.
இருபத்து நாலு, ஒன்பது.
முப்பத்தொன்றை வெள்ளிக்கிழமை நனைத்தேன்.
பன்னிரண்டு தாண்டியது. முப்பது. ஒரு நிமிஷம்.
நாகவேணி சாப்பிட்டு, டப்பா கழுவி வந்தாள்,
அது அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.
எல்லோரும் கைதட்டினார்கள்.
ஷெணாய் சார் போனில் படம் எடுத்தார்.

கடித்துப் பார்ப்பது என் வேலையில் இல்லை.
பார்த்தேன்.
வெளியே பால், உள்ளே பிஸ்கட்.
ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்து
ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப்போன
இரண்டு பேர்.

அன்று சாயங்காலம் வண்டி தாமதம்.
ஸ்டேஷன் ரோட்டு ஐயங்கார் பேக்கரியில்
கண்ணாடித் தம்ளரில் சூடாகப் பாதாம் பால்,
பேப்பரில் நாலு பென்னே பிஸ்கட்.
ஒன்றை எடுத்ததும் என் கட்டைவிரல்
இல்லாத பட்டனைத் தானாக அமுக்கியது.
"எணிஸ்பேடா கணே" என்றாள் நாகவேணி.
எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை.
அவள் கையைப் பார்த்தேன்.
தம்ளரை மோவாய்க்குப் பக்கத்தில் தூக்கிக்
கொஞ்சம் சாய்த்து,
பிஸ்கட்டை நிமிர்த்தாமல் படுக்கவைத்து,
அடிப்பக்கம் மட்டும் நனைய,
குமிழி அடங்குகிற நேரத்தில் வாய்க்குள்.
நாலு விரற்கடைதான் பயணம்.

நானும் செய்தேன்.
மேல்பக்கம் இன்னும் மொறுமொறு,
கீழ்ப்பக்கம் பாதி பாலாகிவிட்ட ஏதோ ஒன்று.
உடையவேண்டியது உடைந்தது,
நாக்கின் மேல்.
நாலாவது நொடி எங்கே நடக்கவேண்டும் என்று
இரண்டு வருஷமாய் யாரும் கேட்கவில்லை.
இடுக்கிக்கு வாய் கிடையாது.

மூன்றாவது பிஸ்கட்
பேச்சு சுவாரஸ்யத்தில் உள்ளே விழுந்துவிட்டது.
கடைப்பையன் ஹாலேஷ் கேட்காமலே ஒரு ஸ்பூனை நீட்டினான்.
அடியில் கூழாகக் கிடந்ததை
இரண்டு பேரும் மாற்றி மாற்றி வழித்தோம்.
அதற்குள் மாரிக்குப்பம் வண்டி
வந்து போயிருந்தது.

திங்கட்கிழமை
முப்பத்தொன்றின் ரிப்போர்ட்டில்
குறிப்பு என்று விட்டிருந்த இடத்தில்
'ஊறவில்லை' என்று எழுதினேன்.
ஷெணாய் சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.
"இது பாராட்டா, புகாரா?"
"பாலைத்தான் கேட்கணும் சார்."
அவர் சிரிக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

முப்பத்திரண்டு நேற்று வந்திருக்கிறது.
தொட்டால் கொஞ்சம் உதிர்கிறது.
பால் சுடவைத்திருக்கிறேன்.
இடுக்கியைத்தான் காணோம்.